செயப்பாட்டுவினை

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வாசலில் என் மேசை.
மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்,
ராணுவ மனு என்றால் எழுபது.
அந்த இங்கிலீஷ் இந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் வரும்.

எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார் அந்தம்மா.
பெயர் ஒச்சம்மாள்.
வீட்டுக்காரர் காசிமாயன், நாயக், சமையல்.
போன தையில் இறந்துவிட்டார்.
மஞ்சப்பைக்குள் துணிக்கடைக் கவர்,
கவருக்குள் நாலாய் மடித்த தாள்.
"இதுனாலதான் பென்சன் இல்லையாம் சார்.
என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் தமிழ்ல சொல்ல மாட்டேங்கிறாக."

விரித்தேன்.
தேதிக்குப் பிறகு இரண்டு இடைவெளி.
அது என் பழக்கம்.

காங்கோ. ஏரிக்கரை முகாம்.
எரிமலை கக்கிக் காய்ந்த கறுப்புத் தரை.
சுதந்திர தினத்துக்குப் பராகானா, கோழிக்கறி.
விடிவதற்குள் அறுபத்து மூன்று பேர்.
கக்கூஸ் பத்தாமல் மணல்மூட்டைக்குப் பின்னால் குந்தினார்கள்,
துப்பாக்கியை மடியில் வைத்தபடி.
குளுக்கோஸ் பாட்டில்களைத் துணிக்கொடியில் மாட்டினோம்.
இரண்டு நாளில் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும்.
மேஜர் சொல்லச் சொல்ல அடித்தவன் நான்.

இப்போது தமிழில் வாசித்தேன்:
இறைச்சி உரிய குளிரில் வைக்கப்படவில்லை.
சமையல்காரரின் கவனக்குறைவு கண்டறியப்பட்டது.
அவர் மட்டும் பாதிக்கப்படவில்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது.

"கண்டறிஞ்சது யாரு?"
கண்டறியப்பட்டதும்மா.
"அதான், யாரு?"

இங்கிலீஷில் அந்த வாக்கியத்துக்கு ஆளே தேவைப்படவில்லை.
தமிழிலும் பட்டது, பட்டது என்று முடித்துக்கொண்டே போய்விடலாம் என்றிருந்தேன்.
பட்டவரின் பெண்சாதி
எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பதினாலு வருசம் எட்டு மாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
இன்னும் நாலு மாசம் இருந்திருந்தால் பென்சன்.
வந்தவர் கரண்டியே பிடிக்கவில்லையாம்.
சொந்தத் தங்கச்சி கல்யாணப் பந்தியில்கூட
கைகட்டித் தள்ளி நின்றாராம்.
பேரையூர்ப் பக்கம் சூளையில் செங்கல் அடுக்கினார்,
மூச்சு வாங்கும் வரைக்கும்.

"இது என்ன கெழமை சார்?"
தேதியின் மேல் விரல்.
செல்போன் காலண்டரைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி
இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டுக்குப் போனேன்.
வெள்ளி.

"வெள்ளிக்கெழம அவுக கவுச்சி தொட மாட்டாக.
எனக்குத் தெரிஞ்சு தொட்டதே இல்ல.
கேட்டிருந்தா சொல்லிருப்பாகளே."

கேட்கவில்லை.
ஜெனரேட்டர் நோட்டையும் யாரும் கேட்கவில்லை.
பதினாலாம் தேதி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
குளிர்ப்பெட்டி லைன் நிறுத்தம்.
கரண்டு விருந்தினர் கூடாரத்துக்கு, ஏசிக்கு.
உத்தரவு: மேஜர். கையெழுத்துத் தெளிவாக இருந்தது.
அந்த நோட்டு என் இழுப்பறைக்குள் வைக்கப்பட்டது.
இல்லை. வைத்தேன்.
அடுத்த மாதம் லீவு கேட்டபோது
மேஜர் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.
மதுரை ஜங்ஷனில் இறங்கி
முதலில் கறிதோசை தின்றேன்.

அனுப்புநர் என்ற இடத்தில்
என் நம்பர், ரேங்க், பெயர் அடித்தேன்.
ஏன் என்று சொன்னேன்.
அழுவார், ஏசுவார், தாளைப் பிடுங்குவார் என்று
கையை மேசையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
மஞ்சப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.
ஜெராக்ஸ் மெஷின் யாருடைய ரேஷன் கார்டையோ
பளீர் பளீரென்று எடுத்துக்கொண்டிருந்தது.
மெஷினுக்கு மேலே தொங்கிய பல்பையே
கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடிங்க சார்," என்றார் கடைசியில்,
"கரண்டு போயிரப் போவுது."